நீ கேட்ட பாலத்தின் படம்

விசுவமடு,
ஐப்பசி, 2025.

அன்பு மகளுக்கு,

போன கிழமை நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் கதையை மாற்றிவிட்டேன். கவனித்திருப்பாய். "அப்பா, இங்கே என்னோடு வேலை செய்கிறவர்களிடம் என்ரை அப்பாவும் பாலம் கட்டினவர் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் கட்டின பாலம் ஒன்றின் படம் எடுத்து அனுப்புங்கோ" என்றாய். மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று சொல்லிப் போனை அம்மாவின் கையில் கொடுத்தேன். அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன். போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுத் தம்பி பக்கம் பக்கமாகப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவான். ஆறுதலாக இருக்கும்போது வாசி.

முதலில் நீ வேலை செய்கிற கோர்டி ஹாவ் பாலத்தைப் பற்றி நான் விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்து. நீ சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். உன் அம்மா அதைக் கடன் கணக்குக் கொப்பி என்று நினைத்திருந்தாள்.

இந்தக் கரை வின்ட்சர், அந்தக் கரை டிட்றொயிட். இது கனடா, அது அமெரிக்கா. அங்கே 1929இல் கட்டின அம்பாசடர் பாலம் ஏற்கெனவே இருக்கிறது. அது தொங்கு பாலம். கரைக்குக் கரை பெரிய வடம் வளைந்து போகும்; அதிலிருந்து தொங்கும் கம்பிகள் வாகனம் போகும் தட்டைத் தூக்கிப் பிடிக்கும்; வடத்தின் முனைகளை நிலத்தில் பெரிய கட்டுக்குள் இறுக்கியிருப்பார்கள். உங்களுடையது வேறு சாதி. வளையும் வடம் கிடையாது. ஒவ்வொரு கேபிளும் கோபுரத்திலிருந்து நேரே சாய்ந்து வந்து தட்டைத் தானே பிடிக்கிறது. மொத்தம் 216 கேபிள். கோபுரம் 220 மீற்றர் உயரம். எங்கள் வளவுப் பனையை ஒன்றின் மேல் ஒன்றாக ஏழெட்டு வைக்க வேண்டும். கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவே 853 மீற்றர். வட அமெரிக்காவில் இந்தச் சாதிப் பாலங்களில் இவ்வளவு நீளமான நடுத்துண்டு வேறு இல்லை என்று நீ சொன்னபோது உன் குரல் உயர்ந்தது. எனக்கும் நெஞ்சு நிறைந்தது.

853 என்றால் எவ்வளவு என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு யாழ்ப்பாணம் போகிற வழியில் உள்ள எங்கள் சங்குப்பிட்டிப் பாலத்தை நினைத்தேன். அது 288 மீற்றர். அதை மூன்று தடவை நீட்டி வைத்தால் உன் நடுத்துண்டு வந்துவிடும். சங்குப்பிட்டியில் தண்ணீருக்குள் தூண் நிற்கிறது. உங்களுடைய ஆற்றுக்குள் ஒரு தூணும் இல்லை. தட்டுக்குக் கீழே 46 மீற்றர் இடைவெளி, பெரிய ஏரிகளுக்குப் போகும் கப்பல்கள் அதற்குள்ளால் போகின்றன. இரண்டு கோபுரமும் கரையில் நிற்க, இந்தப் பக்கத்திலிருந்து 426 மீற்றர், அந்தப் பக்கத்திலிருந்து 426 மீற்றர், கீழே முட்டு இல்லாமல் அந்தரத்தில் நீண்டு போய் நடு ஆற்றில் சந்தித்திருக்கின்றன. நாங்கள் ஆறடித் தட்டுக்கு இருபது முட்டுக் கொடுத்த ஆட்கள். கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது.

அது எப்படி நிற்கிறது என்று நீ துலாவைச் சொல்லி விளங்கப்படுத்தினாய். ஒரு பக்கம் வாளி, மற்றப் பக்கம் பாரக் கல். சரி, அது விளங்கியது. ஆனால் கேபிள் தட்டைத் தூக்குவதோடு கோபுரத்தை நோக்கித் தள்ளவும் செய்கிறது என்று ஒரு சொல் சொன்னாய். இழுக்கிற கயிறு எப்படித் தள்ளும்? அது இரண்டு நாள் என் தலையைத் தின்றது.

மூன்றாம் நாள் முற்றத்தில் கட்டிப் பார்த்தேன். பூவரசங் கதியால் ஒன்றை நட்டேன். பழைய கட்டிலின் பலகை இரண்டை அதன் இரண்டு பக்கமும் வைத்தேன். நைலோன் கயிற்றை உச்சியில் கட்டி, முதலில் ஒரு பலகையின் வெளிமுனையை மட்டும் தூக்கினேன். கதியால் அந்தப் பக்கம் சாய்ந்தது. மற்றப் பலகையையும் கட்டினேன், நிமிர்ந்துவிட்டது. கயிற்றை இறுக்க இறுக்க இரண்டு பலகையும் நகர்ந்து வந்து கதியாலோடு முட்டின. இடையில் என் சுட்டுவிரலை வைத்துப் பார்த்தேன். நன்றாக நசித்துவிட்டது, நகம் இப்போதும் கறுப்பாக இருக்கிறது. கயிறு சாய்வாக இழுப்பதால் இழுவையில் ஒரு பங்கு மேலே தூக்குகிறது, இன்னொரு பங்கு பக்கவாட்டில் நெரிக்கிறது. அந்த நெரிப்பும் பாலத்தின் பலத்தில் ஒரு பங்கு என்று நீ சொன்னது அப்போதுதான் உள்ளே இறங்கியது. கயிற்றைத் தட்டிப் பார்த்தேன். இறுக்கமானது ஒரு சத்தம், தளர்ந்தது இன்னொரு சத்தம். நீங்களும் கேபிளின் அதிர்வை அளந்துதான் இழுவையைக் கணக்கெடுக்கலாம் என்றாய். தவில்காரர் வாரை இறுக்கிவிட்டுத் தட்டிப் பார்ப்பார் அல்லவா, அந்த வித்தைதான்.

ஒரு கேபிள் என்பது ஒரு கம்பி இல்லை என்பதையும் குறித்து வைத்திருக்கிறேன். ஏழு கம்பி முறுக்கினால் ஓர் இழை. பெரிய கேபிளுக்குள் அப்படி நூற்றுக்கு மேற்பட்ட இழை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக இழுத்து இறுக்க வேண்டும். முதல் இழையின் இழுவையை ஒரு மானி காட்டிக்கொண்டே இருக்கும். அடுத்ததை இழுக்க இழுக்க முதலாவதின் இழுவை குறைந்துகொண்டு வரும். இரண்டும் சமமாகிற இடத்தில் நிறுத்த வேண்டும். ஒன்று கூடியோ குறைந்தோ இருந்தால் இறுகினது முழுப் பாரத்தையும் வாங்கும். இதைச் செய்கிறவனுக்கு எவ்வளவு பொறுமை வேண்டும்!

இவற்றை விட எனக்குப் பிடித்தது நீ விடியற்காலையில் அளக்கப் போகிறதுதான். வெயில் ஏறினால் இரும்பு நீளும், தட்டின் மேற்பக்கம் சூடாகிக் கீழ்ப்பக்கம் குளிர்ந்திருந்தால் வளையும், கேபிள் நீண்டால் முனை தாழும். பத்துப் பாகை சூடு கூடினால் 426 மீற்றர் இரும்பு ஐந்து சென்ரிமீற்றர் அளவு நீளும் என்று கணக்குப் போட்டுக் காட்டினாய். அதனால் இரவு முழுக்க ஆறி எல்லா இரும்பும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு, சூரியன் கிளம்பும் முன் அளக்க வேண்டும். நீ அளந்து முடித்து ஆறு மணிக்குப் போன் எடுப்பாய். இங்கே பின்னேரம் மூன்றரை. அம்மா தேத்தண்ணி ஊற்றும் நேரம். "இண்டைக்கு என்ன அளவு?" என்று நான் கேட்பேன், நீ சொல்வாய், நான் எழுதிக்கொள்வேன்.

அப்படி ஒரு நாள், 2024இல், நீ களைத்துப்போய்க் கதைத்தாய். உனக்கு வந்த அளவும் கணக்கில் இருந்த அளவும் ஒத்துவரவில்லை, மூன்று தரம் அளந்தாய், மூன்று தரமும் அப்படியே. மற்றவர்கள் அடுத்த வேலைக்கு ஆயத்தமாக நின்றார்கள். நீ போய் "கொஞ்சம் பொறுங்கள், எனக்கு இது சரியாகப் படவில்லை" என்று சொன்னாய். உன் மூத்த இஞ்சினியர் உன் பக்கத்தில் வந்து குந்தியிருந்து, கருவியிலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தார். காரணம் சிறியதுதான், உன் கருவியின் கால் நின்ற இடம் அசைந்திருந்தது. ஒரு மணித்தியாலம் போனது, அவ்வளவுதான். "எல்லாருக்கும் முன்னாலே வெட்கமாப் போச்சு அப்பா" என்றாய். நான் "பரவாயில்லை பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்துவிட்டு கிணற்றடியில் போய் இருந்தேன். ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

நீ கேட்ட பாலத்துக்கு வருகிறேன்.

உனக்கு ஏழு வயது, 2003. வன்னிக்குள் பல வருடம் சீமெந்து வரவில்லை. தடை. கிடைத்தால் கள்ளத்தனமாக, பொன் விலையில். என்னை மாதிரி மேசன்மார் சாந்தகப்பையைத் துடைத்து வளையில் செருகிவிட்டு விறகு வெட்டப் போன காலம் அது. 2002இல் சமாதானம் வந்து கண்டி வீதி திறந்ததும் சீமெந்து லொறி லொறியாக வந்தது. எல்லாரும் எல்லாவற்றையும் கட்டத் தொடங்கினார்கள். எங்கள் உள்வீதியில் வாய்க்காலுக்கு மேலே ஒரு மதகு கட்டக் கொந்தராத்துக் கொடுத்தார்கள். பன்னிரண்டு அடித் தட்டு. அதற்கு நான்தான் தலை மேசன். எவ்வளவு சந்தோசமாகப் போனேன் என்று உன் அம்மாவைக் கேள். புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு போனேன்.

மணல் வந்து இறங்கியது. வெள்ளை மணல், மாவு போல. கையில் எடுத்தவுடனேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. கடற்கரைப் பக்கத்து மணல், கழுவாதது. கொந்தராத்துக்காரரிடம் சொன்னேன். "ஆத்து மணல் எடுக்கப் போனால் கூலி கட்டாது, மழைக்குக் கழுவுப்பட்டுப் போகும்" என்றார். கலவை சீமெந்து ஒன்றுக்கு மணல் இரண்டு, கல்லு நாலு என்று எழுதியிருந்தது. ஒன்றுக்கு மூன்று, ஆறு போடச் சொன்னார். கம்பிக்குக் கீழே ஒரு அங்குலமாவது கொங்கிறீற் இருக்க வேண்டும், கல்லு வைக்கவில்லை, கம்பி பலகையிலேயே படுத்துக்கிடந்தது. ஐந்தாம் நாள் முட்டுகளைக் கழற்றி அடுத்த வேலைக்குக் கொண்டுபோனார்கள்.

மணலைப் பற்றி ஒருதரம் வாய் திறந்தேன். அதற்குப் பிறகு திறக்கவில்லை. அடுத்த வேலையும் அவரிடம்தான் இருந்தது. உனக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க வேண்டியிருந்தது. இதை நியாயம் என்று எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன். தட்டு இறுகின பிறகு மேலே சீமெந்துப் பால் பூசி மினுக்கினது என் கைதான். பார்த்தவர்கள் நல்ல வேலை என்றார்கள்.

அடுத்த மாரியிலேயே தட்டின் அடியில் தவிட்டு நிறத்தில் கோடு விழுந்தது. கம்பி போகிற இடமெல்லாம் அந்தக் கோடு. உப்பு இரும்பைத் தின்னத் தொடங்கினால் துரு ஊதும், ஊதினால் கொங்கிறீற்றை வெடிக்கவைக்கும், வெடித்த இடத்தால் இன்னும் தண்ணீர் போகும். இதெல்லாம் நீ படித்துவிட்டு வந்து எனக்குச் சொன்னாய். அந்தக் கோட்டைக் குனிந்து பார்த்த அன்றைக்கே எனக்கு அரைவாசி தெரியும்.

2005 மார்கழி. வெள்ளம் குறைந்து நாலாம் நாள். நெல் மூட்டையோடு வந்த உழவு இயந்திரத்தின் பெட்டி தட்டின் நடுவுக்கு வந்ததும் தட்டு மடிந்து விழுந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், பிள்ளைகள் எல்லாரும் ஓடிப்போய்ப் பார்த்தீர்கள். ஓட்டினவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. அவர் பிறகு நேராக நடந்ததில்லை. நீ அன்று இரவு விளக்கடியில் இருந்துகொண்டு, "நீங்கள் கட்டினது ஏன் அப்பா இடிஞ்சது?" என்று கேட்டாய்.

"வெள்ளம் பிள்ளை" என்றேன்.

அந்தச் சொல்லைத்தான் இருபது வருடமாகச் சுமக்கிறேன். வெள்ளத்தில் ஒரு பிழையும் இல்லை. வெள்ளம் போகத்தானே மதகு கட்டினது. ஓட்டினவரிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று பல தடவை நினைத்தேன். அவர் சங்கக்கடையில் கண்டால் "மேசன் அண்ணை" என்று வாய் நிறையக் கூப்பிடுவார், எனக்கு நாக்கு எழும்பாது. பிறகு சண்டை, ஓட்டம். 2009க்குப் பிறகு அவரை நான் காணவே இல்லை. விசாரித்த ஒருவருக்கும் தெரியாது. சொல்ல வேண்டியவருக்குச் சொல்ல முடியாமல் போய்விட்டது. அதனால் உனக்குச் சொல்கிறேன். அன்றைக்கு நீ கேட்ட கேள்விக்கும் இது பதில்.

இப்போது விளங்குகிறதா, நீ "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொன்ன நாள் நான் ஏன் கிணற்றடியில் போய் இருந்தேன் என்று. உனக்கு வெட்கமாக இருந்த அந்த ஒரு மணித்தியாலத்தை நான் யாருக்கும் சொல்லிப் பெருமைப்படுவேன். சொல்லியும் இருக்கிறேன். கோயிலடியில் எல்லாருக்கும் தெரியும்.

உப்பைப் பற்றி நீ சொன்ன இன்னொன்றையும் நான் மறக்கவில்லை. மொன்றியலில் பெரிய ஆற்றுக்கு மேலே 1962இல் திறந்த சம்ப்லேன் பாலம். பனிக்காலத்தில் வீதியில் பனி உருக உப்பைக் கொட்டிக் கொட்டி, அந்த உப்புத் தண்ணீர் வடிந்து உள்ளே இறங்கி, அறுபது வருடம் ஆகும் முன்னரே இனித் திருத்த முடியாது என்று கைவிட்டு, பக்கத்தில் புதிதாகக் கேபிள் பாலம் கட்டி 2019இல் திறந்தார்கள் என்றாய். கனடாவிலும் உப்புத்தானா என்று நினைத்தேன். கடலே இல்லாத இடத்தில் மனிதர் தாமே உப்பைக் கொண்டுவந்து போடுகிறார்கள். அதனால் கேபிளின் இழைக்குத் துத்தநாகப் பூச்சு, அதற்கு மேல் மெழுகு, அதற்கு மேல் ஒரு பிளாஸ்ரிக் தோல், பிறகு எல்லா இழையையும் சேர்த்து ஒரு குழாய்க்குள் விடுவார்கள் என்றாய். நாலு சட்டை. அந்தக் குழாயின் மேலே திருகு மாதிரி ஒரு வரம்பு ஓடுகிறதாம், மழைத் தண்ணீர் ஒரே கோடாக வழிந்து காற்றோடு சேர்ந்து கேபிளை ஆட்டாமல் இருக்க. மழைத்துளி ஓடுகிற வழியைக்கூட யாரோ ஒருவர் இருந்து யோசித்திருக்கிறார். 125 வருடம் நிற்கக் கட்டியிருக்கிறீர்கள். நீ அளந்த அளவின் மேல் உன் பேரப்பிள்ளையின் பிள்ளை போவான்.

அந்தப் பாலத்துக்கு ஒரு ஹொக்கி விளையாட்டுக்காரரின் பெயர் வைத்தது ஏன் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. கோர்டி ஹாவ் கனடாவில் பிறந்து டிட்றொயிட் அணிக்கு 25 பருவம் விளையாடினவர் என்று நீ சொன்ன பிறகு சரியென்று பட்டது. இரண்டு கரையும் எங்கள் ஆள் என்று சொல்லக்கூடிய ஒருவர். அதைவிட, ஆறு வழி வாகனப் பாதையோடு நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரருக்கும் ஒரு பாதை விட்டிருக்கிறார்களே, நடந்து போகிறவர்களிடம் காசும் வாங்கமாட்டார்களாமே, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நடந்து கடக்கிறவனை நினைத்துக் கட்டின பாலம் நல்ல பாலம்.

அதை எழுதும்போது முல்லைத்தீவு வட்டுவாகல் பாலம்தான் நினைவுக்கு வருகிறது. நீயும் அதைத்தான் போன தடவை கதைத்தாய். புரட்டாதி 2ஆம் திகதி அங்கே புதுப் பாலத்துக்கு வேலை தொடங்கினார்கள் என்ற செய்தியை நீ எனக்கு முன்னரே பார்த்துவிட்டாய். "நான் அங்கே நிற்க வேண்டியவள், இங்கே யாருக்கோ கட்டிக்கொண்டு நிற்கிறேன்" என்று அழுதாய். அம்மாவும் அழுதாள். நான் பேசவில்லை. இப்போது பேசுகிறேன்.

2009 வைகாசியில், சண்டை முடிகிற நாள்களில், அந்தப் பாலத்தைக் கடந்தபோது உனக்குப் பதின்மூன்று வயது. ஒற்றை வழி, அணைச் சுவர் இல்லை, பக்கத்தில் நந்திக்கடல் நீரேரி. முன்னாலும் பின்னாலும் சனம். அம்மா தன் உள்ளங்கையால் உன் கண்ணைப் பொத்தியபடி நடந்தாள். நீ அவளைவிட உயரமாக வளர்ந்துகொண்டிருந்தாய், அதனால் அவள் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியிருந்தது. நான் உன் காலைப் பார்த்துக்கொண்டு வந்தேன், ஓரத்துக்குப் போகாமல். எங்களுக்கு அந்தப் பாலம் அதுதான். அதனால் நீ அழுததை நான் சிறுபிள்ளைத்தனம் என்று நினைக்கவில்லை.

ஆனால் "யாருக்கோ" என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன் மகள். சங்குப்பிட்டிப் பாலம் வரும் முன் கேரதீவுக்குப் பாதை என்கிற மிதவையில் ஏறி, தண்ணீர் வற்றினால் காத்திருந்து, காற்றடித்தால் காத்திருந்து போனோம். 2010இல் முகாமால் வந்து கையில் ஒரு சதமும் இல்லாமல் இருந்தபோது அங்கே கல் அடுக்கக் கூலிக்குப் போனேன். என்னோடு நின்றவர்களில் பாதிப்பேர் தெற்கிலிருந்து வந்தவர்கள். அவர்களும் யாருக்கோதான் கட்டினார்கள். 2011 தையில் திறந்த நாளிலிருந்து எத்தனை கர்ப்பிணிப் பெண்கள் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு அதால் போயிருப்பார்கள். கட்டினவனின் ஊரை யாரும் கேட்கவில்லை. கல்லுச் சரியாக அடுக்கியிருக்கிறதா என்பதுதான் கணக்கு.

நீ அங்கே நிற்பதால் இங்கே ஒரு பாலமும் குறைந்துபோகவில்லை. அறிவியல் நகரில் உனக்குப் பின்னால் படித்து வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். உனக்கு முதல் கிளிநொச்சியில் இஞ்சினியருக்குப் படிக்கலாம் என்று யார் நினைத்தார்கள்? உன் விசா அலுவலாகக் கொழும்புக்குப் போனபோது களனி ஆற்றில் புதுப் பாலத்தின் கோபுரத்தைக் காட்டினாயே, திறக்கும் முன்னர். இந்த மாதிரிக் கேபிள் பிடித்த பாலம் இலங்கையில் அதுதான் முதல் என்றாய். பிறகு 2021 கார்த்திகையில் திறந்தார்கள். வன்னியில் அப்படி ஒன்று தேவைப்படாது. எங்கள் ஆறுகள் மாரியில் மட்டும்தான் ஆறு. கனகராயன் ஆற்றை ஆவணியில் செருப்போடு கடக்கலாம். எங்களுக்கு வேண்டியது கட்டையான பாலம், நல்ல மணல், கம்பிக்குக் கீழே போதிய கொங்கிறீற், வாய் திறக்கிற ஒரு ஆள். வட்டுவாகலில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் நந்திக்கடல், இரண்டும் உப்பு. அங்கே வேலை செய்கிற பிள்ளைகளில் உன்னைத் தெரிந்தவர்கள் யாரும் இருந்தால் கேட்டுப் பார், உனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடு. அதற்கு அங்கிருந்தே முடியும்.

வர வேண்டும் என்று தோன்றினால் வா. உன் அறை அப்படியே இருக்கிறது. ஆனால் கடன் தீர்க்க வருகிறதாக நினைத்து வராதே. நீ யாருக்கும் கடன்பட்டவள் இல்லை. கடன்பட்டவன் நான்.

சரி, படத்துக்கு வருகிறேன். ஒன்று இருக்கிறது.

2012இல் எங்கள் வயலுக்குப் போகும் வாய்க்காலுக்கு மேலே ஊர்ச் சனம் சேர்ந்து ஒரு சின்ன மதகு கட்டினோம். நீ விடுதியில் நின்று படித்த காலம், கவனித்திருக்கமாட்டாய். ஆறடி நீளம், எட்டடி அகலம். யாரும் எனக்குக் கணக்குச் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். ஆற்று மணல். அதையும் கிணற்றுத் தண்ணீரில் மூன்று தரம் கழுவினோம். அம்மா அரிதட்டால் அரித்தாள். கழுவின தண்ணீரை ஒவ்வொரு தரமும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். மற்றவர்கள் இதென்ன பழக்கம் என்று பார்த்தார்கள், காரணம் கேட்கவில்லை. ஒன்றுக்கு இரண்டு, நாலு. தாச்சி தாச்சியாக நானே எண்ணினேன். கம்பிக்குக் கீழே கல்லு வைத்து நூல் பிடித்தேன். சாக்குப் போட்டு இரண்டு கிழமை தண்ணீர் ஊற்றினேன். இருபத்தொரு நாள் முட்டுக் கழற்றவில்லை. அடுத்த வயல்காரர் கோபித்துக்கொண்டார், கோபிக்கட்டும் என்று விட்டேன். 28 நாளில்தான் கொங்கிறீற் கணக்குப் போட்ட பலத்துக்கு வரும் என்று நீ பிறகு படித்துச் சொன்னபோது, இன்னும் ஏழு நாள் விட்டிருக்கலாம் என்று கவலைப்பட்டேன்.

பதின்மூன்று மாரி போய்விட்டது. நேற்றும் போய்க் குனிந்து அடியைப் பார்த்தேன். ஒரு கோடும் இல்லை. பாசி மட்டும் பிடித்திருக்கிறது, அந்த நிழலில் இரண்டு கெளுத்தி நின்றது.

உன்னோடு வேலை செய்கிறவர்களிடம் அதைக் காட்டு. 853 மீற்றருக்குப் பக்கத்தில் அது என்ன என்று நினைக்காதே, அவர்களும் கொங்கிறீற் தெரிந்தவர்கள், அடியைப் பார்த்தால் விளங்கும். அதனால் தம்பியிடம் மேலே இருந்து ஒரு படமும், வாய்க்காலுக்குள் இறங்கி அடிப்பக்கம் ஒரு படமும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். மழை இருட்டிக்கொண்டு வருகிறது, வாய்க்கால் நிறைந்தால் இறங்க முடியாது. நாளைக் காலையில் வெயில் ஏறும் முன் போகிறோம். அளவு தெரிவதற்கு அம்மாவை மதகின் நடுவில் நிற்கவைக்கிறேன். அவள் இப்போதே எந்தச் சேலை கட்டுவது என்று கேட்கத் தொடங்கிவிட்டாள்.

நீயும் நடு ஆற்றில் இரண்டு பக்கமும் சேர்ந்த இடத்தில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு. போன வருடம் ஆனியில் பொருத்தின அன்று நீ அனுப்பின வீடியோவில் எல்லாரும் இருக்கிறார்கள், உன்னை மட்டும் காணவில்லை. குளிருக்குக் காதை மூடு.

அன்புடன்,
அப்பா